யாழ் மாநகர மேயர் அல்பிரட் துரையப்பா

வரலாற்று நூல்களைப் புரட்டுவோர்க்கு மன்னர் பெயர்களும் போர்க்களங்களின் பெயர்களும் எளிதிற் கிட்டும். ஓர் ஊரின் கால்வாயைத் தூர் வாரியவர் எவர், சந்தைக்குக் கூரை வேய்ந்தவர் எவர், தெருவுக்கு விளக்கிட்டவர் எவர் என்னும் செய்திகள் எளிதிற் கிட்டுவதில்லை. அரபு நூலாசிரியர்கள் சிலர் இதற்கு விலக்காவர். ஹிஜ்ரி 450 (கி.பி. 1058) இல் மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள், ‘அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ என்னும் தமது ஆட்சியியல் நூலில், கலீஃபாவின் கடமை, அமைச்சரின் கடமை, காழியின் கடமை ஆகியவற்றை விரித்துரைத்ததோடு அமையாது, ‘முஹ்தசிப்’ என்னும் நகர அதிகாரிக்கும் தனி அதிகாரம் ஒன்றை ஒதுக்கினார். அளவையும் நிறையையும் பார்ப்பது, பொதுவழியை அடைத்துக் கட்டுவோரைத் தடுப்பது, ஊருக்குத் தண்ணீர் வரும் வழி பழுதுற்றால் அதனைச் செப்பனிடச் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. கலீஃபா யாவர் என்பதில் ஊரார் ஒன்றுபடாத காலங்களிலும் முஹ்தசிபின் வேலை நின்றுவிடவில்லை, நிற்கவும் இயலாது. தண்ணீர் அன்றாடம் வேண்டுமல்லவா?

இக்காலத்தில் நகராட்சி மன்றத் தலைவரும் மாநகர மேயரும் செய்கின்ற பணி ஏறத்தாழ இதுவே. அத்தகைய மேயர் ஒருவரின் வாழ்வையும் முடிவையும் பற்றி ஈண்டு எழுத விரும்புகின்றோம். அவர் முஸ்லிம் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். ஆயினும் அவரது நகரம் நமக்கு அயலூர் அன்று. எம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டை மரக்காயர்களின் மரக்கலங்கள் ஒரு காலத்தில் பாக்கு நீரிணையைக் கடந்து அந்நகரின் துறைகளுக்குப் போய் வந்தன. அங்கே ‘சோனகர் தெரு’ என்றே ஒரு தெரு உண்டு. இலங்கையில் ஆட்சிப் பணித் தேர்வில் தேறிய முதல் முஸ்லிமும், கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராய் 1948 முதல் 1961 வரை விளங்கியவருமான ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் பிறந்தது யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில். பயின்றது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில். அந்நகரில் ஒரு மேயருக்கு நேர்ந்ததும், பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்நகரின் முஸ்லிம்களுக்கு நேர்ந்ததும் ஒரே நூலின் இரு முனைகள் என்பது எம் கருத்து.

யாழ்ப்பாணம் 1949 இல் மாநகர சபைத் தகுதி பெற்றது. முதல் மேயர் சாம் சபாபதி. அங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை; மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரைத் தெரிந்தெடுத்தனர். ஆகவே பதவி அடிக்கடி கை மாறியது. 1955 இல் அப்பதவியில் அமர்ந்தவர் எம். எம். சுல்தான் என்னும் முஸ்லிம். இந்துக்கள் பெரும்பான்மையாயும் கிறித்தவர்கள் கணிசமாயும் வாழ்ந்த ஒரு நகரில், சிறு தொகையினரான சோனகருள் ஒருவர் முதற்குடிமகனாக அமர்ந்தார். அந்நாளில் அது எவர்க்கும் வியப்பாகத் தோன்றியதாய்த் தெரியவில்லை. இதை வாசகர்கள் நினைவில் இருத்துக, பின்னர்த் தேவைப்படும்.

அல்பிரட் துரையப்பா 1926 ஜூன் 15 ஆம் நாள் பிறந்தார். கிறித்தவக் குடும்பத்தினர். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். அவர் செய்த தொழிலினரை ஈழத்தார் ‘பிரக்கிராசியார்’ என்று அழைப்பர். போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற சொல் அது. நம் பக்கத்து ‘வக்கீல்’ அரபு விட்டுச் சென்றது போல. 1950களில் மாநகர சபைக்குள் நுழைந்த அவர், அந்தப் பத்தாண்டு முடியுமுன் மேயரானார். அவருக்கு முன்னும் பின்னும் இருந்த தமிழ்த் தலைவர்கள் பெரும்பாலும் கொழும்பு நீதிமன்றங்களில் பெயர் பெற்று, தேர்தல் வரும்போது யாழ்ப்பாணம் வந்தவர்கள். ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்களின் நாவன்மையைக் கேட்டு மயங்காதார் இலர். துரையப்பாவோ நகரிலேயே இருந்தார். தெருவில் நின்று பேசினார். எவர் வீட்டு விசேடத்துக்கும் சென்றார். கொள்கை விளக்கம் எதுவும் அவர் எழுதி வைத்துச் சென்றதாகத் தெரியவில்லை.

மேயர் என்ற முறையில் அவர் பெயர் நிலைத்திருக்கும் செயல்களுள் முதலாவது, யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் திறப்பு. அந்நூலகத்தின் வரலாறு தனியே எழுதத் தக்கது. 1933 இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலேயே நூல்களைத் திரட்டி ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு ஒரு வாடகை அறையில் சில நூறு நூல்களுடன் அது பொது நூலகமாயிற்று. பின்னர் நகர மன்றம் பொறுப்பேற்றது. மேயர் சபாபதியும் கத்தோலிக்கத் துறவியான லோங் அடிகளாரும் முன்னின்று புதுக் கட்டடத்துக்குப் பொருள் திரட்டினர். நூலகவியலின் தந்தை எனத் தக்க நம் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் வகுத்தார். 1954 மார்ச்சில் அடிக்கல் இடப்பட்டது. 1959 அக்டோபர் 11 ஆம் நாள் அதன் முதற் பெரும் பகுதியைத் திறந்து வைத்தவர் மேயர் துரையப்பா. கட்டியவர் அவர் ஒருவர் அல்லர். ஆனால் நகராட்சிப் பணியின் இயல்பே அதுதான். ஒருவர் கால்கோள் இடுவார், மற்றொருவர் சுவர் எழுப்புவார், மூன்றாமவர் கதவைத் திறப்பார். மூவரும் வெவ்வேறு கட்சியினராயும் இருக்கலாம்.

1960 மார்ச்சில் இலங்கை நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. யாழ்ப்பாணத் தொகுதியில் துரையப்பா சுயேச்சையாக நின்றார். எதிரே நின்றவர்களுள் ஒருவர் ஜி. ஜி. பொன்னம்பலம், தமிழரசுக் கட்சியும் வேட்பாளரை நிறுத்தியிருந்தது. நகரசபை மனிதர் ஒருவர் இவ்விரு பேரணிகளுக்கும் நடுவே புகுந்து வென்றார். அந்நாடாளுமன்றம் நிலைக்காமற் கலைந்து, அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் தேர்தல் வந்தது, மீண்டும் வென்றார். 1956 இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்து, தமிழர் உள்ளம் கொதித்திருந்த காலம் அது. அக்காலத்திலும் யாழ் நகரத்து வாக்காளர்களில் ஒரு பகுதியினர், மொழி உரிமை பேசுவோரை விட்டுவிட்டுத் தெருவிளக்குப் பற்றிப் பேசுவோரைத் தேர்ந்தெடுத்தனர் என்றால் அதன் பொருள் என்ன? அவர்களுக்கு மொழிப்பற்று இல்லை என்பதா? அன்று. எம் மங்கலம்பேட்டையிலும் பேரூராட்சித் தேர்தல் வந்தால், குழாயில் தண்ணீர் எந்நேரம் வரும் என்பதையே வேட்பாளரிடம் கேட்போம். அதனால் நமக்குப் பெரிய காரியங்களில் கருத்தில்லை என்று எவரும் சொல்ல மாட்டார். வாக்காளன் ஒரே நேரத்தில் இரண்டு வகைப் பசி உடையவன்.

1965 இல் பொன்னம்பலம் தொகுதியை மீட்டார். 1970 தேர்தல் மும்முனைப் போட்டியாயிற்று. தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டின் வென்றார், துரையப்பா இரண்டாமிடம், பொன்னம்பலம் மூன்றாமிடம். முதலிருவர்க்கும் இடையே வேறுபாடு 56 வாக்குகள். இவ்வெண்ணைச் சற்று நிறுத்தி நோக்குக. அம்மனிதரைப் பதவிக்கு அனுப்பவும் வீட்டுக்கு அனுப்பவும் யாழ்ப்பாணத்தார் அறிந்திருந்தனர். ஐம்பத்தாறு பேர் மனம் மாறியதால் ஒருவர் தோற்றார், எவர்க்கும் காயமில்லை.

அவ்வாண்டு கொழும்பில் ஆட்சி மாறியது. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் ஐக்கிய முன்னணி அரசு அமைந்தது. துரையப்பா யாழ்ப்பாணத்தில் மீண்டும் மேயரானார்; பிரதமரின் சிறிலங்கா சுதந்திரக் கட்சிக்கு அந்நகரில் அமைப்பாளராகவும் விளங்கினார். இங்கிருந்துதான் அவரது வரலாறு இருளத் தொடங்குகிறது.

அவர் எண்ணம் எளிதில் விளங்கக் கூடியது. ஆட்சியிலிருப்போருடன் உறவு கொண்டால் நகருக்குப் பொருள் வரும், இளைஞர்க்கு வேலை வரும் என்பது அது. அவ்வாறு வந்தவையும் உண்டு. வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதிக்கு அவ்வரசு விதித்த தடையால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் முன் எப்போதும் காணாத பணம் புழங்கியது. 1974 அக்டோபரில் பிரதமரே நேரில் வந்து, சர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளாகத்தில் பல்கலைக்கழகக் கிளையைத் திறந்து வைத்தார். பேராசிரியர் கைலாசபதி அதன் முதற்றலைவர். இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அதிலிருந்தே வளர்ந்தது.

ஆனால் அதே அரசு வேறு செயல்களையும் செய்தது. 1971 இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் ‘தரப்படுத்தல்’ என்னும் முறையைக் கொண்டு வந்தது. பொறியியல் கற்கச் சிங்கள மாணவனுக்கு 227 மதிப்பெண் போதும், தமிழ் மாணவனுக்கு 250 வேண்டும் என்றாயிற்று. தேர்வையும் கல்வியையும் நம்பியே வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இது இடியாய் இறங்கியது. 1972 மே 22 ஆம் நாள் நடப்புக்கு வந்த குடியரசு அரசியல் அமைப்பு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. பழைய அமைப்பில் சிறுபான்மையினர்க்குக் காப்பாயிருந்த 29 ஆம் பிரிவு மறைந்தது. இவ்வளவும் செய்த கட்சியின் அமைப்பாளராக ஒரு தமிழர் யாழ் நகரில் வலம் வந்தார் என்றால், மக்களிற் பலர் அவர்மேல் சினம் கொண்டதில் வியப்பில்லை. துரையப்பா அவர்கள் தம் கட்சியின் கொடுமைகளைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டும் என்பதே எம் தீர்ப்பும். கேட்டிருந்தால் நகருக்கு வரும் பொருள் நின்றிருக்கும் என்று அவர் தரப்பார் கூறலாம். மதிப்பெண்ணில் வஞ்சிக்கப்பட்ட பிள்ளையின் தகப்பனிடம் போய் அந்த விடையைச் சொல்ல இயலுமா?

தமிழரசுக் கட்சியின் மேடைகளில் ‘துரோகி’ என்னும் சொல் ஒலிக்கத் தொடங்கியது. அரசியலில் இது புதிய சொல்லன்று. ஆயினும் சில சொற்கள் கூட்டத்தில் கைதட்டுக்காகச் சொல்லப்படுபவை. வயதில் முதிர்ந்தவர் கேட்டு வீடு திரும்பித் தூங்கிவிடுவர். பதினெட்டு வயதினன் தூங்குவதில்லை. 1971 இல் துரையப்பாவின் காரில் வெடிகுண்டு வைக்கப்பட்டது; அவர் தப்பினார். அம்முயற்சியோடு தொடர்புடையவர் உரும்பிராய்ச் சிவகுமாரன் என்னும் மாணவ இளைஞர்.

பின்னர் வந்தது 1974 ஜனவரி. தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மாநாடு, கோலாலம்பூர், சென்னை, பாரிசு ஆகிய நகரங்களுக்குப் பின் நான்காம் முறையாக யாழ்ப்பாணத்தில் கூடியது. கொழும்பில் நடத்த வேண்டும் என்பது அரசின் விருப்பம். யாழ்ப்பாணத்திலேயே என்பது அமைப்பாளர்களின் உறுதி. பேராசிரியர் வித்தியானந்தன் தலைமையில் 3 ஆம் நாள் தொடங்கிய மாநாட்டின் நிறைவாக, 10 ஆம் நாள் மாலை, பொதுமக்களுக்கான கூட்டம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே திறந்த வெளியில் நடந்தது. நகரசபையின் திறந்தவெளி அரங்கில் நடத்த இயலாமற் போனதே மக்கள் சாலையோரம் நெருங்கி நிற்கக் காரணமாயிற்று. அரங்கு கிடைக்காமைக்கு மேயரே பொறுப்பு என்று பலர் எண்ணினர்.

அப்போது மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? திருச்சியிலிருந்து சென்ற பேராசிரியர் நயினார் முகம்மது அவர்கள். நம்மவர். அவரது தமிழில் பல்லாயிரவர் மெய்ம்மறந்திருந்த வேளையில், காவலர்கள் கூட்டத்துக்குள் புகுந்தனர். தடியடியும் கண்ணீர்ப் புகையும் தொடர்ந்தன. சுட்டதில் மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. ஒன்பது உயிர்கள் போயின; அவற்றுட் பெரும்பாலானவை மின்சாரம் தாக்கிப் போனவை. அரசு முறையான விசாரணை நடத்தவில்லை. ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவரும் பேராயர் குலேந்திரனும் அடங்கிய குடிமக்கள் குழு ஒன்று விசாரித்துக் காவல் துறையைக் கண்டித்தது.

இலங்கையில் காவல் துறை மேயரின் ஆணைக்குட்பட்டதன்று; கொழும்பு அரசின் ஆணைக்குட்பட்டது. தடியை ஓங்கச் சொன்னவர் துரையப்பா என்று மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் கொழும்பு எட்டாத் தொலைவில் இருந்தது. மேயர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தார். பெரிய அரசின் மேல் கொண்ட சினம், அதன் பெயரால் உள்ளூரில் நிற்கும் சிறிய மனிதன் மேல் இறங்குவது உலக இயல்பு. சிவகுமாரன் 1974 ஜூன் 5 ஆம் நாள் காவலர் சூழ்ந்தபோது நஞ்சுண்டு மாண்டார். அவர் தொடங்கிய வேட்டையை வேறு சிலர் கையேற்றனர்.

1975 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. யாழ்ப்பாணத்துக்கு வடமேற்கே, கடற்கழியோரம் உள்ளது பொன்னாலை என்னும் ஊர். அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் செல்வது துரையப்பாவின் வழக்கம். கிறித்தவராய்ப் பிறந்தவர் பெருமாள் கோயிலுக்குச் செல்வதை யாழ்ப்பாணத்தார் வேடிக்கையாகப் பார்க்கவில்லை. அவ்வூர்ப் பழக்கம் அத்தகையது. அன்று காரிலிருந்து கோயில் முன் இறங்கியவரை, அங்கே காத்திருந்த இளைஞர் சிலர் கைத்துப்பாக்கியாற் சுட்டனர். அவர் வந்த காரிலேயே அவர்கள் தப்பினர். மேயருக்கு வயது 49. சுட்டவர்களுள் முதல்வரான வேலுப்பிள்ளை பிரபாகரனுக்கு வயது 20. மறு ஆண்டு 1976 மே மாதத்தில் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம் அப்பெயருடன் அமைந்தது. 1978 ஏப்ரலில் அவ்வியக்கம் வெளியிட்ட கடிதம் தன் செயல்களைத் தானே பட்டியலிட்டு உரிமை கோரியது. துரையப்பாவின் பெயர் அதில் இருந்தது.

இங்கே எமக்கு ஓர் அரபு வரலாறு நினைவுக்கு வருகின்றது. ஸிஃப்பீன் போரில் ஹள்ரத் அலீ (ரலி) அவர்களின் படையில் நின்று போரிட்டவர்களே, அவர்கள் நடுவர் தீர்ப்புக்கு இணங்கினார்கள் என்பதற்காக, அவர்களை விட்டுப் பிரிந்து சென்றனர். ‘கவாரிஜ்’ என்பது அப்பிரிவினர்க்கு வழங்கிய பெயர். பிரிந்தது மட்டுமன்று, சமரசம் பேசியவர் யாவரும் நெறி பிறழ்ந்தவர், அவர் இரத்தம் சிந்தத் தக்கது என்று தீர்ப்பும் வழங்கினர். ஹிஜ்ரி 40 (கி.பி. 661) இல், கூஃபா நகரப் பள்ளிவாசலில், சுபுஹுத் தொழுகை வேளையில், அவர்களுள் ஒருவனான இப்னு முல்ஜம் நஞ்சு தோய்ந்த வாளால் கலீஃபாவை வெட்டினான். அலீ (ரலி) அவர்களுக்கும் ஒரு நகர மேயருக்கும் ஒப்புமை கூறுகின்றோம் என்று எவரும் கருத வேண்டா. மலையையும் கூழாங்கல்லையும் ஒப்பிடும் பேதைமை எமக்கில்லை. யாம் ஒப்பிடுவது கொன்றவர் உள்ளத்தை. எதிரிப் படையை விட்டுவிட்டுத் தம்மவரையே தேடிச் செல்லும் வாள் அது. வணக்கத்தலத்தின் வாயிலும் அதற்குத் தடையில்லை.

‘ஒரு மேயரைக் கொன்றது கொடுமைதான், ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களின் சினம் வேறு எப்படி வெளிப்படும்?’ என்று கேட்போர் அன்றும் இருந்தனர். அக்கொலையைக் கண்டிக்கத் தமிழ்த் தலைவர்களிற் பலர் தயங்கினர். இதற்கு விடையை வாதத்தில் தேட வேண்டுவதில்லை. பின் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தாற் போதும்.

1981 மே மாதம் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கியது. ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராய் நின்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் தியாகராசா, அதே ‘துரோகி’ப் பட்டத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். மே 31 ஆம் நாள் இரவு, நாச்சிமார் கோவிலடிக் கூட்டமொன்றில் காவலர்கள் சுடப்பட்டனர். தேர்தலுக்கென நகரில் குவிக்கப்பட்டிருந்த காவலரும் குண்டர்களும் அவ்விரவே கடைகளைக் கொளுத்தினர். மறுநாள் இரவுக்குள் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள், பெயர்த்து எழுதப்படாத ஓலைச்சுவடிகள். துரையப்பா திறந்து வைத்த கதவுகள் 22 ஆண்டுகளில் கரியாயின. தீப்பிழம்பைத் தொலைவிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர் நீத்தார். ஹிஜ்ரி 656 (கி.பி. 1258) இல் ஹுலாகுவின் படை பக்தாதின் நூல்களை அழித்ததைப் படித்துக் கண்ணீர் விடும் நாம், நம் மொழியின் நூல்கள் எரிந்ததற்கும் கண்ணீர் விடக் கடமைப்பட்டவர்கள். கொளுத்தியவர் அரசின் ஆட்கள். அக்குற்றத்தைக் கடுகளவும் குறைத்துக் கூற யாம் ஒருப்படோம்.

1989 ஜூலை 13 ஆம் நாள் கொழும்பில், ஒரு காலத்தில் தமிழரசுக் கட்சியின் மேடைச் சிங்கமாய் விளங்கிய அமிர்தலிங்கமும், யாழ்ப்பாணத்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் யோகேசுவரனும் அவ்வியக்கத்தாராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். மேடையில் புறப்பட்ட சொல் பதினான்கு ஆண்டுகள் சுற்றித் திரிந்து மேடைக்கே திரும்பி வந்தது.

மறு ஆண்டு நம்மவர் முறை. 1990 அக்டோபர் 30 ஆம் நாள் காலை, ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேரத்துக்குள் நகரை விட்டு நீங்க வேண்டும் என்பது ஆணை. நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. ஆளுக்குச் சில நூறு ரூபாய் மட்டும் விடப்பட்டது. வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் அம்மாதத்தில் துரத்தப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்துக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் வாடினர். தாய்மொழி தமிழ், பேசியது தமிழ், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது தமிழ். கிழக்கு மாகாணத்து முஸ்லிம்களுடன் ஏற்பட்ட மோதலும், காட்டிக் கொடுப்பர் என்னும் ஐயமுமே காரணமாய்க் கூறப்பட்டன. முன்னர் ஒரு மேயர் மேல் ஒட்டப்பட்ட சொல், இப்போது பால் குடிக்கும் குழந்தை உட்பட ஒரு சமூகம் முழுவதன் மேலும் ஒட்டப்பட்டது. 1955 இல் சுல்தான் மேயராய் இருந்த நகரில், 1990 நவம்பர் பிறந்தபோது ஒரு பள்ளிவாசலிலும் பாங்கொலி கேட்கவில்லை. 2002 இல் போர் ஓய்ந்திருந்த நாளில், அவ்வியக்கத்தின் மதியுரைஞர் அன்டன் பாலசிங்கம், முஸ்லிம்களை வெளியேற்றியது அரசியல் தவறு என ஒப்புக்கொண்டார். அதற்குள் ஒரு தலைமுறை வேற்றூரில் வளர்ந்துவிட்டது.

மேயர் பதவியின் கதையும் அத்தோடு முடியவில்லை. 1998 இல் யாழ்ப்பாணத்தில் நெடுநாளுக்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்து, கொல்லப்பட்ட யோகேசுவரனின் மனைவி சரோஜினி மேயரானார். அவ்வாண்டு மே 17 ஆம் நாள் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து மேயரான பொன். சிவபாலன், செப்டம்பர் 11 ஆம் நாள் அலுவலகக் கூட்டத்தில் வெடித்த குண்டுக்கு இரையானார். 2003 பிப்ரவரியில், புதுப்பிக்கப்பட்ட நூலகத்தைத் திறக்க நாள் குறித்தவர் மேயர் செல்லன் கந்தையன். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து அப்பதவிக்கு உயர்ந்தவர். புலிகளின் எதிர்ப்பால் திறப்பு விழா நின்றது. மேயரும் உறுப்பினர்களும் பதவி விலகினர். ஐம்பத்தாறு வாக்குகளில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிய அந்நகரின் வாக்காளர்களுக்குத் தம் மேயரைத் தாமே நீக்கும் வேலை நெடுங்காலம் இல்லாமற் போயிற்று.

மேயர்களைக் கொல்ல முயல்வது கீழை நாட்டார்க்கே உரியது என எண்ணவும் வேண்டா. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா இரண்டாம் உலகப் போரில் இடிபாடாய்ப் போன நகரம். 1945 இல் மேயரான தியோடர் கோர்னரும் அவர் பின் வந்த பிரான்ஸ் யோனாசும் அதனை மீட்டெடுத்தனர். இருவருமே பின்னர் அந்நாட்டின் குடியரசுத் தலைவர்களாயினர். நகராட்சிப் பணிக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. அதே நகரில் 1984 முதல் மேயராயிருந்த ஹெல்முட் சில்க் என்பவருக்கு 1993 டிசம்பர் 5 ஆம் நாள் அஞ்சலில் ஒரு குண்டு வந்தது. பிரித்ததும் வெடித்து, இடக்கை சிதைந்தது. அயல்நாட்டிலிருந்து குடியேறியோர்க்கும் சிறுபான்மையினர்க்கும் பரிந்து பேசுவோரைத் தேடித் தேடி அஞ்சற்குண்டு அனுப்பினான் ஒருவன். பிரான்ஸ் ஃபுக்ஸ் என்பது அவன் பெயர். அவன் கணக்கிலும் அவர்கள் யாவரும் இனத்துரோகிகளே. ஆனால் அங்கே எந்தப் பெருங்கட்சியும் அவனுக்கு மாலையிடவில்லை. 1997 இல் பிடிபட்டான். 1999 இல் ஆயுள் தண்டனை பெற்றான். சில்க் ஒரு கை சிதைந்த நிலையிலும் 1994 வரை பதவி வகித்து, 2008 இல் இயற்கையாய் மறைந்தார்.

யாழ்ப்பாணத்தில் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு விளையாட்டரங்கு. போர்க்காலத்தில் அது பாழ்பட்டுக் கிடந்தது. 1999 இல் அதனைச் செப்பனிடத் தோண்டியபோது மண்ணுக்கடியிலிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பின்னர் இந்திய அரசின் பொருளுதவியால் புதுப்பிக்கப்பட்டு, 2016 ஜூன் 18 ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. அதே பெயர்தான் இன்னும் வாயிலில் இருக்கின்றது. துரத்தப்பட்ட சோனகர் குடும்பங்களில் ஒரு பகுதியினரும் திரும்பி வந்து தங்கள் தெருவில் குடியிருக்கின்றனர்.